அக்கரைப்பட்டுப் பாலத்துக்குக் கருமாதி

அக்கரைப்பட்டுப் பாலத்தை வெள்ளம் பேத்துக்கிட்டுப் போன மூணாம் நாள் வெயில் வந்துச்சு, வெயில் வந்ததும் பாலத்தோட நிழல் வந்துச்சு. பாலம் இல்ல. தூணு, தளம், கைப்பிடிச் சுவரு, தலைமாட்டுல பேரு செதுக்கி நட்ட கல்லு, ஒண்ணும் இல்ல; புயல் கரையைக் கடந்த அன்னிக்கே அத்தனையும் நரியாத்தோட சேந்து கடலுக்குப் போயாச்சு. நிழல் மட்டும் எப்பவும் விழற எடத்துல, எப்பவும் விழற நேரத்துக்கு, தெக்குக் கரையிலேர்ந்து வடக்குக் கரை வரைக்கும் தண்ணி மேல கறுப்பா நீட்டிப் படுத்திருந்துச்சு. அதுல மொதல்ல நடந்தது டீக்கடை பரசுராமனோட வெள்ளாடு. அக்கரையில பசும்புல்லைப் பாத்துச்சு, எப்பவும் எறங்கற மாதிரி எறங்குச்சு, நிழல் மேல காலை வெச்சு நடந்து அந்தாண்ட போயி மேய ஆரம்பிச்சுது. ஆட்டைத் திட்டிக்கிட்டே பின்னால ஓடுன பரசுராமன் நடு ஆத்துக்குப் போனப்புறந்தான் குனிஞ்சு பாத்தாரு. பாத்துட்டு மனுசன் என்னா செய்வாரு? ஆடு அக்கரையில நிக்குது. போயி புடிச்சிக்கிட்டு வந்தாரு.

இந்தச் சேதி காதுல விழுந்தப்ப ஊராட்சித் தலைவி ஆதிலட்சுமி, நிவாரண முகாம்ல அரிசி மூட்டையைப் பிரிச்சிக்கிட்டு இருந்தா. கேட்டதும் அவ வாயில வந்த மொத வார்த்தை, "அப்ப எங்க வூட்டுக்காரரு ஆசுபத்திரிக்குப் போயிடலாம்"ங்கறதுதான். ஒரு நிழல் எப்படித் தாங்கும், ஏன் தாங்கும்னெல்லாம் அவ கேக்கல. கேக்கற நிலைமையில அவ இல்ல. புருசன் தணிகாசலத்துக்கு ரெண்டு கிட்னியும் போயி வருசம் ஆவுது. செவ்வாயும் வெள்ளியும் அக்கரையில நல்லாம்பேட்டை ஆசுபத்திரியில மெசினுல படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு வந்தாத்தான் மனுசன் மூச்சு விடுவாரு. புயலால ஒரு முறை ஏற்கெனவே தவறிப் போயி, மூஞ்சி வீங்கி, ஈரப்பாயில சாஞ்சு உக்காந்திருந்தாரு. சுத்து வழியில போனா ரெண்டு பஸ்ஸு மாறணும், அரைநாள் ஆவும், அந்த ரோடும் தண்ணியில கெடந்துச்சு. தோணி விடலாம்னா நரியாத்துல தோணி விடற தைரியம் யாருக்கும் இல்ல. பரம்பரை பரம்பரையா அந்த ஆத்துல முதலை கெடக்குது, அது தோணின்னும் பாக்காது, தோணிக்காரன்னும் பாக்காது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஆதிலட்சுமி புருசன் கையைத் தன் தோள் மேல போட்டுக்கிட்டு நிழல் மேல எறங்குனா. காலுக்குக் கீழ ஜில்லுன்னு, நனைஞ்ச சாக்கு மேல நடக்கற மாதிரி லேசா அமுங்குச்சு, ஆனா உள்ள வாங்கல. நடு ஆத்துல தணிகாசலம் நின்னு, குனிஞ்சு, கையால தொட்டுப் பாத்தாரு.

"ஆதி, இது நான் சட்டி தூக்குன பாலம்டி. மீசை மொளைக்காத வயசுல, இங்க நின்னுதான் கலவை வாங்கிக் குடுத்தன்."

"பாலத்துக்கிட்ட அப்பறம் பழமை பேசலாம். வெயிலு இருக்கறப்பவே நடய்யா."

அதுக்கப்புறம் ஊரு அந்த நிழலைப் பழகிக்கிட்ட கதை இருக்குதே, அதைச் சொல்ல ஆரம்பிச்சா விடிஞ்சிடும். காலையில சூரியன் கெழக்கால இருக்கறப்ப நிழல் மேக்கால தள்ளி மோட்டார் கொட்டாய்கிட்ட விழும். உச்சிவேளையில பழைய பாலம் இருந்த எடத்துலயே ஒடுங்கிக் கெடக்கும். பொழுது சாயச் சாயக் கெழக்கால நகந்து, அகண்டு, துணி தொவைக்கற தொறைகிட்ட போயி நிக்கும். ஆக, அக்கரைக்குப் போறவங்க மணியைக் கேட்டுக்கிட்டுத்தான் வூட்டை விட்டே கெளம்புவாங்க. பரசுராமன் டீக்கடையைத் தள்ளுவண்டிக்கு மாத்தி, நிழலு போற எடத்துக்கெல்லாம் பின்னாலயே உருட்டிக்கிட்டுப் போனாரு. சைக்கிள் போவும், வண்டியைத் தள்ளிக்கிட்டுத்தான் போவணும், லாரி வந்தா நிழலு பயந்து சுருங்கும். மேகம் போட்டா பள்ளிக்கூடம் லீவு. பிள்ளைங்க காலையில எழுந்ததும் சாமி கும்புடாம வானத்தைப் பாத்துக் கும்புட்டுச்சுங்க, எதுக்குன்னு நான் சொல்லத் தேவையில்ல. கல்யாணத்துக்கு நாள் குறிக்க வந்த அய்யரு பஞ்சாங்கத்தைத் தெறக்கறதுக்கு முன்னால வானிலை அறிக்கையைக் கேட்டாரு. முதலைங்க மட்டும் நிழலுக்குள்ள வர்றதில்ல. வெயிலுல கெடந்துக்கிட்டு, போற வர்றவங்களைப் பெருமூச்சு விட்டுப் பாத்துக்கிட்டு இருக்கும்.

இப்படி எல்லாம் சுமுகமா போயிக்கிட்டிருந்தப்பத்தான் தை மாசத்துல, புயல் சேதத்தைப் பாக்கறதுக்கு மேலேர்ந்து ஒரு குழு வர்றதாச் சேதி வந்துச்சு. உதவிப் பொறியாளர் நஸ்ரீன், சின்ன வயசு, அந்த ஏரியாவுக்கு மாத்தலாகி வந்த புதுசு, ஆதிலட்சுமிக்கு முந்துன நாளே போன் பண்ணி, "தலைவரம்மா, வர்றவங்களுக்குச் சேதத்தைக் காட்டுங்க, நான் வர்ற வரைக்கும் வேற எதுவும் பேசாதீங்க"ன்னு சொல்லியிருந்தா. ஆதிலட்சுமியும் ஊருக்குச் சொன்னா. ஆனா அக்கரைப்பட்டு சனங்களோட புத்தி எப்படின்னா, வூட்டுக்கு வந்த விருந்தாளிக்கு இல்லாத கொறையைக் காட்ட அதுங்களுக்குத் தெரியாது. கடன் வாங்கியாவது கறி வைக்கும், கிழிஞ்ச பாயைச் சுருட்டிப் பக்கத்து வூட்டுல வெச்சிட்டு அவங்க வூட்டு நல்ல பாயை விரிக்கும். பெரிய பெரிய ஆளுங்க அத்தனை தூரத்துலேர்ந்து வர்றாங்க, அவங்களுக்குப் போயி இடிஞ்ச செவுத்தையும் வெறும் ஆத்தையுமா காட்டறது? ஊருலயே பெருமையான பொருளு எதுவோ அதைக் காட்ட வேணாமா? ஆரத்தித் தட்டு ரெடியாச்சு. மேளம் வந்துச்சு. நிழலோட ரெண்டு கரையிலயும் மாவிலைத் தோரணம் கட்டுனாங்க.

நஸ்ரீன் வந்த ஜீப்பு வழியில பஞ்சர். குழு முந்திக்கிச்சு. குழுவுக்குத் தலைவரா வந்தவரு நரைச்ச தலை, தன்மையான மனுசன். நிழல் மேல காலு வைக்கறதுக்கு முன்னால, கோயிலுக்குள்ள போற மாதிரி, பூட்ஸைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டாரு. மேளதாளத்தோட அக்கரைக்குப் போயி, எளநி குடிச்சி, திரும்பி வந்தாரு.

"இதுல தினமும் எல்லாரும் போறீங்களா?"ன்னு கேட்டாரு.

"தினமும் சார்! ஒரு கஷ்டமும் இல்ல சார்!" பரசுராமன் தொண்டை கிழியக் கத்துனாரு. ஊரே "ஆமா ஆமா"ன்னுச்சு. இதுல ஆதிலட்சுமியை மட்டும் ஏன் விடணும், அவளும் பெருமை தாங்காம, "எங்க வூட்டுக்காரரு டயாலிசிஸ்க்கே இதுலதான் சார் போறாரு"ன்னு சொல்லிட்டா. குழுத் தலைவரு சந்தோசமா தலையாட்டி எழுதிக்கிட்டாரு. ஜீப்புலேர்ந்து குதிச்சு ஓடியாந்த நஸ்ரீன், தோரணத்தைப் பாத்தா, தலையில கையை வெச்சிக்கிட்டு அங்கியே உக்காந்துட்டா.

விசயம் பங்குனியிலதான் வெளங்குச்சு. சுத்துப்பட்டுல போன பாலத்துக்கெல்லாம் உத்தரவு வந்துச்சு, அக்கரைப்பட்டுக்கு வரல. ஆதிலட்சுமி ஆபீசுக்கே போயி நின்னா.

"பேரிடர் நிதிங்கறது வெள்ளத்துல போனதுக்குத்தாம்மா"ன்னா நஸ்ரீன். "போகாததுக்குக் குடுக்க மாட்டாங்க. நீங்க போகலன்னு ஆரத்தி எடுத்துக் காட்டிட்டீங்க. 'பயன்பாட்டில் உள்ளது'ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க."

"நிழலுதானேம்மா இருக்குது!"

"நிழலுக்குன்னு தனியா ஒரு பிரிவு இல்ல தலைவரம்மா. இருக்குது, இல்ல. ரெண்டே ரெண்டுதான்."

"சரி, தப்பு எங்க மேலதான். திரும்ப எழுதிக் குடுத்தா?"

நஸ்ரீன் தயங்குனா. நல்ல பொண்ணு, பொய் சொல்ல வராது. "அப்படியே கெடைச்சாலும், இருந்ததை இருந்தபடிதான் கட்டித் தருவாங்க. பழைய பாலம் எம்மாம் அகலம்? ஒரு மாட்டு வண்டி. எம்மாம் ஒசரம்? கையை ஒசத்துனா தளத்தைத் தொடலாம். புதுசும் அதேதான். ஒரு சாண் ஒசத்துனாலும் அது மேம்பாட்டுப் பணி ஆயிடும். அதுக்கு வேற நிதி, வேற வரிசை, அந்த வரிசையில நம்ம ஊரு எங்க நிக்குதுன்னு எனக்கே தெரியல."

"ஒசரம் பத்தாமத்தானே வெள்ளம் அதை அடிச்சிக்கிட்டுப் போச்சு! அடுத்த வெள்ளத்துலயும் போவுமே?"

"போனா, திரும்பவும் இருந்தபடி கட்டித் தருவாங்க."

நஸ்ரீன் மேல கோவப்பட முடியுமா? ரூல் எழுதுனவங்க மேலதான் கோவப்பட முடியுமா? அந்தப் பணத்துக்கு எத்தனை ஊரு கையேந்திக்கிட்டு நிக்குது, கூரை போனவன், மாடு போனவன், பெத்த புள்ளையையே ஆத்துக்குக் குடுத்தவன். அதுல ஒருத்தன் வெள்ளத்தைச் சாக்கு வெச்சி மாளிகை கட்டிடக் கூடாதேன்னு யாரோ ஒரு யோக்கியன் யோசிச்சி எழுதுன ரூலுதான் அது. ஆதிலட்சுமிக்கு இது புரிஞ்சுது, புரிஞ்சதால இன்னும் கூட அழுகை வந்துச்சு.

கோடை முழுக்க நிழலு நல்லாத்தான் தாங்குச்சு. ஆடி போயி ஆவணி வந்ததும் வானம் கோளாறு பண்ண ஆரம்பிச்சுது. ஒரு வெள்ளிக்கிழமை, மெசினுலேர்ந்து எறங்குன அலுப்போட தணிகாசலம் பொண்டாட்டி தோளைப் புடிச்சிக்கிட்டு நடு ஆத்துக்கு வந்துட்டாரு, கடல் பக்கத்துலேர்ந்து ஒரு மேகம், சின்னதுதான், சூரியனை மறைச்சுது. நிழலு வெளுத்துச்சு. அரிசி கழுவுன தண்ணி நெறத்துக்கு வந்துச்சு. காலு உள்ள வாங்குது, கணுக்கால் வரைக்கும், அப்பறம் கெண்டைக்கால் வரைக்கும். அந்தாண்ட வெயில் காஞ்சிக்கிட்டுக் கெடந்த முதலை ஒண்ணு சத்தமில்லாம தண்ணிக்குள்ள எறங்குச்சு.

"ஆதி, நீ ஓடிடு."

"ஓடறதா! வாயை மூடிக்கிட்டு என் இடுப்பைப் புடிய்யா. மேகம் போயிடும், போயிடும், போயிடும்."

மாரியாத்தா, முனீசுவரான்னு அவளுக்குத் தெரிஞ்ச சாமியையெல்லாம் கூப்புட்டா. தெரியாத சாமியையும் கூப்புட்டா. மேகம் போச்சு. நிழலு கறுத்துச்சு. முழங்கால் வரைக்கும் நனைஞ்ச புடவையோட கரையேறுனவ, ஊரே பாக்க, மண்ணுல உக்காந்து ஓன்னு அழுதா. அதோட முடிஞ்சுதா? அடுத்த வாரம் பூரா வெயிலு தலையே காட்டல. செவ்வாய் போச்சு, வெள்ளி போச்சு. தணிகாசலத்துக்கு மூச்சு எளைச்சி, கண்ணு சொருகி, ஒரு ஆட்டோவுல அள்ளிப் போட்டு சுத்து வழியில கொண்டு போயி சேத்தாங்க. டாக்டரு திட்டுன திட்டை இங்க சொல்ல வேணாம். "இன்னொரு வாட்டி இப்படிக் கொண்டாந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா"ன்னாரு கடைசியில, அதுதான் அவ நெஞ்சுல குத்துச்சு.

ஊருல எழவு விழுந்தா ஒப்பாரி பாடறது பச்சையம்மா. நூறு நாள் வேலையில மம்புட்டியைப் புடிச்சிக்கிட்டே அவதான் பேச்சை எடுத்தா.

"ஆதி, அந்த நெழலு ஏன் போவாம கெடக்குது, யோசிச்சியா? நாம அதுக்கு அழுவலடி. ஆத்தோட போன ஒடம்பு கெடைக்கலன்னா, வைக்கோல்ல ஆளு செஞ்சாவது காரியம் செஞ்சி அனுப்பறோமா இல்லியா? இத்தினி வருசம் நம்மளத் தூக்கிச் சொமந்த பாலம், அதுக்கு என்னா செஞ்சோம்? வெயிலு வந்த அன்னிக்கே அது மேல ஆட்டை ஓட்டுனோம். செத்ததுன்னு அதுக்கே தெரியாம கெடக்குது பாவம்."

ஆதிலட்சுமி மம்புட்டியைப் போட்டுட்டு நேரா நஸ்ரீன்கிட்ட ஓடுனா. நிழலு போயிட்டா 'இல்ல'ன்னு எழுதலாமான்னு கேட்டா. எழுதலாம், ஆனா பழைய பாலத்தோட வரைபடம் தாலுக்கா ஆபீசுல அதே வெள்ளத்துல நனைஞ்சி கூழாப் போச்சு. வரைபடம் இல்லன்னா, அந்த எடத்துல மிச்சம் இருக்கறதை அளந்துதான் அளவு குடுக்கணும்னா நஸ்ரீன். மிச்சம் இருக்கறது நிழலு ஒண்ணுதான். அதை மொதல்ல அளக்கணும், அப்பறம் அனுப்பணும்.

அன்னிக்கே ஊர்க்கூட்டம் போட்டாங்க. பரசுராமன் எகிறுனாரு. "இருக்கறதையும் தொலைச்சிட்டு எதுமேல நடக்கறது? காயிதத்து மேலியா?"

"காயிதம் வர்ற வரைக்கும் சுத்து வழியிலதான் நடக்கணும்"னா ஆதிலட்சுமி. "பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு வேன் கேட்டு வாங்கறன். மிச்சப் பேரு கஷ்டப்படணும், இல்லன்னு சொல்லல. இந்த நெழலு நம்மள்ள ஒருத்தரை முதலைக்குக் குடுக்கறதுக்கு முன்னால நாமளே அனுப்பிடலாம்னு சொல்றன்."

"உன் புருசனுக்குத்தான் மொதல்ல அது வேணும். நீயே இப்படிச் சொன்னா?"ன்னாரு பரசுராமன்.

கடைசியில, காரியம் செஞ்சி அனுப்பறதுன்னு கூட்டம் முடிவு பண்ணுச்சு.

வூட்டுக்கு வந்தா, தணிகாசலம் ஏற்கெனவே பைக்குள்ள ரெண்டு கைலியும் மருந்துச் சீட்டும் எடுத்து வெச்சிருந்தாரு.

"நல்லாம்பேட்டையில எங்க அக்கா வூடு இருக்குது. அங்க போயி இருந்துக்கறன். ஆசுபத்திரி பக்கம்."

"எத்தினி நாளைக்குய்யா?"

"பாலம் வர்ற வரைக்கும்."

"அது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

"நீ தலைவரு. ஒனக்கே தெரியலன்னா எனக்கு எப்படித் தெரியும்?"ன்னு சிரிச்சாரு. அவளும் சிரிச்சா. சிரிச்சிக்கிட்டே போயி அடுப்பாண்ட நின்னு அழுதா.

நிழலை அளக்க நஸ்ரீன் உச்சிவேளையில டேப்போட வந்தா. அந்த நேரத்துக்கு நிழலு ஒரு மாட்டு வண்டி அகலத்துல ஒடுங்கிக் கெடந்துச்சு. ஆதிலட்சுமி அவ கையைப் புடிச்சி இழுத்து கரையில மரத்து நெழல்ல உக்கார வெச்சா.

"வெயிலு மண்டையைப் பொளக்குது, இப்ப என்னாம்மா அவசரம்? சாப்புடுங்க. பரசுராமன் அண்ணே டீ போடுவாரு. பொழுது சாயட்டும், அப்பறம் அளந்துக்கலாம்."

நஸ்ரீன் அவ மூஞ்சியைப் பாத்தா. ஆத்தைப் பாத்தா. பொழுது சாஞ்சா நிழலு என்னா ஆவும்னு அவளுக்குத் தெரியாதா? டேப்பைச் சுருட்டி மடியில வெச்சிக்கிட்டு மெதுவா சொன்னா, "எந்த நேரத்துல அளக்கணும்னு ரூல்ல ஒண்ணும் இல்ல தலைவரம்மா." சொல்லிட்டு நாலு இட்லி வாங்கிச் சாப்புட்டா.

சாயங்காலம் நிழலு தொவைக்கற தொறைக்கு வந்து, ரெண்டு பஸ்ஸு எதிரும் புதிருமா போற அகலத்துக்கு விரிஞ்சி கெடந்துச்சு. கைப்பிடிச் சுவரு நிழலு மட்டுமே பனைமரம் நீட்டு. நஸ்ரீன் நிழலு ஓரத்துல டேப்பைப் புடிச்சா, அந்த ஓரத்துல தணிகாசலம் புடிச்சாரு. சட்டி தூக்குன பாலத்துக்குக் கடைசி அளவு அவருதான் எடுத்துக் குடுத்தாரு. அளந்து முடிச்சதும் பையைத் தோளுல மாட்டிக்கிட்டு அப்படியே அக்கரைக்கு நடந்தாரு. ஆதிலட்சுமி பாதி தூரம் கூடப் போனா. அதுக்கு மேல வராதன்னு சொல்லிட்டாரு. "போயிட்டு வாய்யா"ன்னா. அவரு போனாரு.

மறுநாள் காரியம். யாரு பங்காளின்னு ஒரு சண்டை, எந்தத் தெரு மொறையில செய்யறதுன்னு ஒரு சண்டை, கடைசியில பாலம் யாரையும் எந்தத் தெருன்னு கேட்டுத் தூக்கலியேன்னு பச்சையம்மா போட்ட போடுல எல்லாரும் அடங்குனாங்க. வைக்கோல்ல ஒரு பாலம் கட்டி, ஆத்தங்கரையில கெடைச்ச ஒரு துண்டுக் கம்பியை நடுவுல வெச்சி, கோடித் துணி போத்தி, பாடையில ஏத்துனாங்க. சங்கு ஊதுச்சு. பறை அடிச்சுது. பொம்பளைங்க வட்டமா கட்டிப் புடிச்சிக்கிட்டு உக்காந்தாங்க, பச்சையம்மா தொடங்குனா:

"படிக்கப் போவையில பாத குடுத்தவனே,
புள்ள பெறப் போவையில முதுகு குடுத்தவனே,
கூலி கேக்காம நின்னவனே, எங்கள
ஆத்துல விட்டுட்டு நீ மட்டும் போனவனே..."

ஆரம்பத்துல சிரிப்பை அடக்கிக்கிட்டு நின்னவங்கதான் அத்தனை பேரும். ரெண்டாவது அடியில பரசுராமன் வாய்விட்டு அழுதாரு. அவரு பொண்ணு கல்யாணமாகிப் போனது அந்தப் பாலத்து மேலதான். ஒவ்வொருத்தரா வந்து வாய்க்கரிசி போட்டாங்க. வைக்கோல் பாலத்தை ஆத்துல எறக்கி விட்டதும், நல்ல வெயிலு காயறப்பவே, நிழலு தெக்குக் கரையிலேர்ந்து பாயைச் சுருட்டற மாதிரி சுருண்டுக்கிட்டே போயி, வைக்கோல் பின்னாலயே கெழக்கால மெதந்துச்சு.

எழவுல யாரும் சொல்லிக்கிட்டுப் போற வழக்கம் இல்ல. திரும்பிப் பாக்காம, பேசாம வந்துடணும். ஆனா ஆதிலட்சுமிக்கு ஆயுசு முழுக்க அந்தப் பாலத்து முனையில நின்னு, போற வர்ற புள்ளைங்களுக்கும் மருமகளுக்கும் புருசனுக்கும் ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பழகிப் போன வாய். மெதந்து போற நிழலைப் பாத்து அவளையும் அறியாம, "போயிட்டு வா"ன்னுட்டா.

பச்சையம்மா அவ கையிலயே ஒண்ணு போட்டா. "அடிப் பாவி! எழவுல சொல்ற வார்த்தையாடி இது? போனது திரும்பி வந்துடப் போவுது!"

மறுநாள் நஸ்ரீன் வந்து வெறும் ஆத்தைப் பாத்து, 'பாலம் இல்லை'ன்னு எழுதுனா. இவ்வளவு அகலமாவா இருந்துச்சுன்னு மேலேர்ந்து கேட்டாங்களாம். "நானே அளந்தது சார்"னாளாம். பணம் வந்துச்சு. வேலை தொடங்குச்சு, நின்னுச்சு, மழையில ஒரு தூணுக்குழி மூடிக்கிச்சு, திரும்பத் தோண்டுனாங்க.

அந்த நாளெல்லாம் ஆதிலட்சுமி ஞாயித்துக்கெழமை ரெண்டு பஸ்ஸு மாறி, உப்பில்லாம, காயை வேக வெச்சித் தண்ணியைக் கொட்டி ஆக்குன கொழம்போட நாத்தனார் வூட்டுக்குப் போவா. மிச்ச நாளுல, சாயங்காலம் அவரு வடக்குக் கரைக்கு வந்து நிப்பாரு, இவ தெக்குக் கரையில நிப்பா, ரெண்டு பேரும் போன்ல பேசிக்குவாங்க. அவரு வாய் அசையறது மொதல்ல தெரியும், சத்தம் கொஞ்சம் தாமசமா காதுக்கு வரும். வாரத்துக்கு வாரம் அவரு எளைச்சிக்கிட்டே வந்தாரு. ரெண்டு பஸ்ஸு மாறி ஊருக்கு வந்துட்டுப் போற தெம்பு அவருகிட்ட இல்ல. ஊரை விட்டுப் போனதுலேர்ந்து ஒரு தடவை கூட அவரு வூட்டு வாசப்படியை மிதிக்கல.

பாலம் முடிஞ்சுது. அடேயப்பா, என்னா ஒசரம், என்னா அகலம்! வெள்ளை அடிச்சி, விளக்குக் கம்பம் நட்டு, ரெண்டு முனையிலயும் தடுப்பு வெச்சி அடைச்சாங்க. பெரியவங்க வந்து தெறந்து வைக்கணும், அது வரைக்கும் யாரும் மேல காலு வைக்கக் கூடாதுன்னு உத்தரவு. தேதி குறிச்சாங்க, தள்ளிப் போச்சு. திரும்பக் குறிச்சாங்க, திரும்பத் தள்ளிப் போச்சு. நாடாவுக்கு வாங்கி வெச்ச சிவப்புத் துணி ஊராட்சி ஆபீசுல தூசி புடிச்சிக் கெடந்துச்சு.

ஒரு வெள்ளிக்கெழமை சாயங்காலம் போன்ல தணிகாசலம் கேட்டாரு, "ஆதி, நம்ம வூட்டுல ஒரு ராத்திரி படுத்துத் தூங்கணும்னு இருக்குதுடி. அதுக்குள்ள தெறந்துடுவாங்களா?"

ஆதிலட்சுமி போனை வெச்சிட்டு நேரா தடுப்புகிட்ட போனா. அங்க நஸ்ரீன் காவக்காரங்கிட்ட பேசிக்கிட்டு நின்னா.

"ஒரே ஒரு தடவை விடும்மா. போயி கூட்டியாந்துடறன்."

நஸ்ரீனுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. "இன்னிக்கு உங்களை விட்டா நாளைக்கு ஊரே ஏறும் தலைவரம்மா. என் வேலை போனாக் கூடப் பரவாயில்ல, தெறக்காத பாலத்துல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா..." சொல்லிக்கிட்டே வந்தவ நிறுத்துனா. ஆதிலட்சுமி தோளுக்குப் பின்னால, ஆத்தைப் பாத்தா. பொழுது சாஞ்சிருந்துச்சு. புதுப் பாலத்தோட நிழலு கெழக்கால அகண்டு, தொவைக்கற தொறைகிட்ட, கரைக்குக் கரை கறுப்பா விழுந்து கெடந்துச்சு. அன்னிக்கு டேப்பு புடிச்சி அளந்த பழைய நிழலோட அதே அளவு, ஒரு சாண் கூட இல்ல, கொறைச்சலும் இல்ல.

"பாலத்து மேல போவக் கூடாதுன்னுதான் உத்தரவு"ன்னா நஸ்ரீன் மெதுவா. "நெழலைப் பத்தி ஒண்ணும் போடல."

ஆதிலட்சுமி தொறைக்கு ஓடுனா. செருப்பைக் கழட்டுனா. எழவுல வாய் தவறிச் சொன்ன வார்த்தை அவ நெஞ்சுல மேளமா அடிச்சுது. வலது காலை வெச்சா. ஜில்லுன்னுச்சு. நனைஞ்ச சாக்கு மாதிரி லேசா அமுங்குச்சு. தாங்குச்சு.

"வந்துட்டியா"ன்னா. அழுதுக்கிட்டே நடந்தா.

அக்கரையில தணிகாசலம் தோளுல பையோட நின்னாரு. அதே ரெண்டு கைலிதான் உள்ள. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை அவரு அப்படித்தான் பையைக் கட்டியாந்து, இவ கண்ணுல படாம காலுக்குப் பின்னால வெச்சிக்கிட்டு நிக்கறாருன்னு நாத்தனார் ஒரு தடவை கூட இவகிட்ட சொன்னதில்ல.

"பாலம் தெறந்துட்டாங்களா ஆதி?"

"இன்னும் இல்ல."

"அப்ப நீ எதுமேல வந்த?"

அவ அவரு கையை எடுத்துத் தன் தோள் மேல போட்டுக்கிட்டா. கை ரொம்ப லேசா இருந்துச்சு. தணிகாசலம் குனிஞ்சி பாத்தாரு, ஒரு காலால தொட்டுப் பாத்தாரு, அப்பறம் அவளைப் பாத்தாரு. தெக்குக் கரையில ஊரு மொத்தமும் வந்து நிக்குது. பரசுராமன் தள்ளுவண்டியைத் தொறைகிட்ட உருட்டிக்கிட்டு வர்றாரு.

"நட. வெயிலு எறங்கறதுக்குள்ள வூடு போயி சேரணும்"னா ஆதிலட்சுமி. "சோறு ஆக்கி வெச்சிட்டுத்தான் வந்தன்."